சந்தேகம் எங்கே தயாராகிறது?

“பூமி சூடாகிறது என்பதெல்லாம் பணக்கார நாடுகள் கட்டிவிட்ட கதை. இருநூறு வருஷம் கரியை எரித்து அவர்கள் மாடமாளிகை கட்டிக்கொண்டார்கள். இப்போது நம் முறை வரும்போது அடுப்பை அணைக்கச் சொல்லுகிறார்கள். இதை நாம் ஏன் நம்ப வேண்டும்?”

கிளைக் கூட்டம் ஒன்றில் தோழர் ஒருவர் இப்படிக் கேட்டார். கேட்டவர் முதலாளிகளின் கையாள் அல்ல. முப்பது வருஷமாகச் செங்கொடி பிடித்தவர். கூட்டத்தில் பலர் அவர் பேச்சுக்குத் தலையாட்டினார்கள். ஆகவே அவருக்குப் பதில் சொல்ல வேண்டியது நமது கடமை.

அவர் பேச்சில் பாதி உண்மை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுகிறோம். இதுவரை உலகம் காற்றில் கொட்டிய கரியமில வாயுவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அமெரிக்கா என்ற ஒரே நாட்டினுடையது. இந்தியாவின் பங்கு நூற்றுக்கு மூன்று அல்லது நாலு. இன்றைக்கும் அமெரிக்காவில் தலைக்கு வருஷத்துக்குச் சுமார் 14 டன். இந்தியாவில் சுமார் 2 டன். இது அநீதி. இதில் சந்தேகமே கிடையாது.

ஆனால் அந்த உண்மையிலிருந்து தோழர் எடுத்த முடிவு யாருக்கு லாபம்? இதைத்தான் நாம் விசாரிக்க வேண்டும்.

பீகிங்கில் ஒரு வாய், வாஷிங்டனில் ஒரு வாய்

1997 அக்டோபரில் பீகிங் நகரில் உலகப் பெட்ரோலிய மகாநாடு கூடியது. எக்ஸான் எண்ணெய்க் கம்பெனியின் தலைவர் லீ ரேமண்ட் அங்கே பேசினார். இருபது வருஷத்துக்கு முன்பு இருந்ததைவிடப் பூமி இப்போது குளிர்ந்திருக்கிறது என்றார். இன்றைக்கு நடவடிக்கை எடுத்தாலும் இருபது வருஷம் கழித்து எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இராது என்றார். தப்பான கட்டுப்பாடுகளால் ஆசிய மக்களின் சுபிட்சம் தடைபட்டால் அது பெரும் துயரம் என்று கண்ணீர் வடித்தார். நமது தோழர் கிளைக் கூட்டத்தில் சொன்னதை, ஒரு எண்ணெய் ஏகபோக முதலாளி அன்றே மேடையேறிச் சொல்லிவிட்டார்!

அதே 1997-ல் அமெரிக்காவிற்குள் நடந்தது என்ன? எண்ணெய், நிலக்கரி, மோட்டார் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து 1 கோடியே 30 லட்சம் டாலர் செலவில் விளம்பரப் பிரச்சாரம் நடத்தின. கியோட்டோ ஒப்பந்தத்தில் சீனாவுக்கும் இந்தியாவுக்கும் விலக்கு உண்டு, நமக்கு மட்டும் கட்டுப்பாடா என்று டெலிவிஷனில் கூச்சல் போட்டன. ஜூலை மாதம் அமெரிக்க செனட் சபை, வளரும் நாடுகளும் கட்டுப்படாத ஒப்பந்தம் எதற்கும் சம்மதம் இல்லை என்ற தீர்மானத்தை 95-க்கு 0 என்ற வோட்டில் நிறைவேற்றியது. கியோட்டோ ஒப்பந்தத்தை அமெரிக்கா கடைசிவரை ஊர்ஜிதம் செய்யவேயில்லை.

ஆசியாவில் வந்து, “நீங்கள் கட்டுப்படாதீர்கள்” என்றார்கள். சொந்த நாட்டுக்குப் போய், “அவர்கள் கட்டுப்படவில்லையே, நாம் ஏன் கட்டுப்பட வேண்டும்?” என்றார்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்றால் இதுதான்!

2012-ல் டொனால்ட் டிரம்ப், பூமி சூடாகிறது என்பது அமெரிக்கத் தொழில்களை ஒழிக்கச் சீனாக்காரர்கள் உண்டாக்கிய கருத்து என்று எழுதினார். 2025 செப்டம்பரில் ஐ.நா. சபையிலேயே நின்று, உலகம் கண்ட மிகப் பெரிய மோசடி இது என்றார். அங்கே அது சீனச் சதி. இங்கே அது அமெரிக்கச் சதி. சரக்கு ஒன்று, ஊருக்கு ஒரு லேபில். இரண்டு ஊரிலும் லாபம் எண்ணெய் முதலாளிக்கே.

அவர்களுக்குத் தெரியாதா?

நன்றாகத் தெரியும். 1977-லேயே எக்ஸான் கம்பெனியின் சொந்த விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், எண்ணெயும் கரியும் எரிப்பதால் பூமியின் உஷ்ணம் ஏறும் என்று மேலதிகாரிகளிடம் விளக்கினார். 1979-ல் அந்தக் கம்பெனி தனது எண்ணெய்க் கப்பல் ஒன்றில் கருவி பொருத்திக் காற்றிலும் கடலிலும் கரியமில வாயுவை அளந்தது. பத்து வருஷத்துக்குச் சுமார் 0.2 டிகிரி வீதம் உஷ்ணம் ஏறும் என்பது அந்த விஞ்ஞானிகளின் கணக்கு. 2023-ல் ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பழைய கணக்குகளை நடந்த உண்மையோடு ஒப்பிட்டு ‘சயன்ஸ்’ பத்திரிகையில் வெளியிட்டார்கள். பெரும்பாலான கணக்குகள் அச்சாகப் பலித்திருந்தன.

கம்பெனியின் உள்ளறையில் உண்மை, வெளித்திண்ணையில் சந்தேகம். இந்தத் தொழிலை அவர்கள் சிகரெட் முதலாளிகளிடம் கற்றார்கள். நமது சரக்கு சந்தேகம்தான் என்று 1969-லேயே ஒரு சிகரெட் கம்பெனியின் உட்குறிப்பு எழுதி வைத்தது. 1998-ல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் கூட்டிய குழு ஒன்றும் இதே பாணியில் திட்டம் தீட்டியது. விஞ்ஞானத்தில் நிச்சயமில்லை என்று சாதாரண ஜனங்கள் நினைக்கத் தொடங்கும் நாளே நமக்கு வெற்றி என்று அதில் எழுதியது. விஞ்ஞானியை வெல்ல வேண்டியதில்லை. சாதாரண மனிதன் குழம்பினால் போதும்!

“பருவம் என்றைக்கும் மாறித்தானே வந்திருக்கிறது?”

மாறித்தான் வந்திருக்கிறது. காடு தானாகவும் தீப்பிடிக்கும். அதனால் காட்டுக்குத் தீ வைப்பவனே உலகில் இல்லை என்று ஆகிவிடுமா? தீ எப்படி வந்தது என்று தடயம் பார்க்க வேண்டும்.

தடயம் இருக்கிறது. கார்பன் 14 என்ற கதிரியக்க வகை காற்றில் இடைவிடாமல் உண்டாகிறது. உயிருள்ள மரம் அதை உள்ளே இழுக்கிறது. மரம் செத்துப் புதைந்த பிறகு அது தேய்ந்துகொண்டே வந்து, ஐம்பதாயிரம் வருஷத்துக்கு மேல் போனால் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. நிலக்கரியோ கோடிக்கணக்கான வருஷப் பழசு. அதில் கார்பன் 14 இல்லை. அதை எரித்த புகை கலந்தால் காற்றில் அந்த வகையின் விகிதம் குறைய வேண்டும். குறைந்திருப்பதை ஹான்ஸ் சூயெஸ் என்ற விஞ்ஞானி 1955-லேயே மரங்களின் வளையங்களில் கண்டு சொன்னார். கரியமில வாயு தன்மேல் கையெழுத்தோடு வருகிறது.

சூரியன்தான் காரணம் என்கிறார்கள். 1970-களின் கடைசியிலிருந்து செயற்கைக் கிரகங்கள் சூரிய ஒளியை அளந்து வருகின்றன. பூமி சூடேறிய அளவுக்குச் சூரியன் ஏறவில்லை. எரிமலை என்கிறார்கள். எல்லா எரிமலைகளும் சேர்ந்து கக்குவதைப்போலச் சுமார் நூறு மடங்கு கரியமில வாயுவை மனிதர்களின் எரிப்பு கக்குகிறது. ஆலைகள் பெருகுவதற்கு முன்பு காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த வாயு, 1958-ல் ஹவாய்த் தீவு மலையில் அளக்கத் தொடங்கியபோது 315. 2024-ல் 420-ஐத் தாண்டிவிட்டது.

இது அமெரிக்கக் கற்பனை என்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லுவோம். 1896-ல் இந்தக் கணக்கைப் போட்டவர் ஸ்வீடன் நாட்டு அர்ரேனியஸ். 1970-களின் தொடக்கத்திலேயே உஷ்ணம் ஏறும் என்று கணக்கிட்டவர் சோவியத் விஞ்ஞானி மிகயில் புதிகோ. இவர்கள் எந்தச் சதியில் கூடினார்கள்? சோவியத் யூனியனும் கரி எரித்தது. சீனா இன்று வருஷ அளவில் எல்லோரையும்விட அதிகம் எரிக்கிறது. இதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. வாயுவுக்குக் கொடியின் நிறம் தெரியாது.

குறி வைக்கப்பட்டவன் தொழிலாளி

1991-ல் அமெரிக்க நிலக்கரி, மின்சாரக் கம்பெனிகளின் சங்கங்கள் ஒரு பிரச்சார ஸ்தாபனத்தை அமைத்தன. பூமி சூடாவதை உண்மை என்ற இடத்திலிருந்து இறக்கி வெறும் கொள்கை என்ற இடத்தில் வைக்க வேண்டும் என்பது அதன் எழுத்து மூலமான நோக்கம். யாரைப் பிடிப்பது என்றும் எழுதி வைத்தார்கள்: படிப்புக் குறைந்த, பெரிய குடும்பத்து, வயதான ஆண்கள், வருமானம் குறைந்த இளம் பெண்கள். ‘பூமி சூடாகிறதென்றால் மினியாபொலிஸ் நகரம் ஏன் குளிர்கிறது?’ என்று விளம்பரம் போட்டார்கள். இதே தர்க்கத்தைத் தூக்கிக்கொண்டு 2015 பிப்ரவரியில் ஒரு செனட்டர் பனியுருண்டையோடு சபைக்கே வந்தார்!

பாமரன் என்று நினைத்து அவனைக் குறி வைத்தார்கள். அவனிடம் சொன்ன பயமுறுத்தல் ஒன்றே ஒன்று: “பருவநிலைச் சட்டம் வந்தால் உன் வேலை போய்விடும்.”

வேலை எப்படிப் போயிற்று? 1923-ல் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உழைத்தார்கள். 2000-க்குள் நூற்றுக்கு 85 பேருக்கு மேல் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கரியமில வாயுவைக் கட்டுப்படுத்தும் நாடு தழுவிய சட்டம் ஒன்றுகூட அங்கே வராத காலம் அது. வேலையைத் தின்றது முக்கியமாக முதலாளி இறக்கிய இயந்திரம்.

பீபாடி என்ற பெரிய நிலக்கரிக் கம்பெனியின் கதையைக் கேளுங்கள். 2007-ல் அது தன் சுரங்கங்களில் ஒரு பகுதியைப் பிரித்துப் பேட்ரியட் என்ற புதிய கம்பெனி ஆக்கியது. ஓய்வு பெற்ற ஆயிரக்கணக்கான தொழிலாளரின் வைத்தியச் செலவுப் பொறுப்பையும் அதன் தலையில் கட்டியது. 2012-ல் பேட்ரியட் திவாலானது. 2013 மே மாதம் அந்த வைத்திய உதவியை வெட்டிக்கொள்ளக் கோர்ட் அனுமதித்தது. ஆயுள் முழுவதும் கரித்தூளைச் சுவாசித்த கிழவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சங்கம் விடாமல் போராடியது. அதன் பிறகே பீபாடி 31 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. 2016-ல் பீபாடியும் திவால் மனுக் கொடுத்தது. கோர்ட்டில் வைத்த பட்டியலில், பூமி சூடாவதை மறுத்துப் பிரச்சாரம் செய்யும் ஸ்தாபனங்களின் பெயர்கள் இருந்தன! கிழவனுக்கு மருந்து வாங்கப் பணமில்லை. சந்தேகம் வாங்கப் பணமிருந்தது.

அந்தச் சுரங்கத் தொழிலாளிக்கு இந்தச் சந்தேகம் புதிதும் அல்ல. கரித்தூளால் நுரையீரல் கருகுவதைக் கம்பெனி டாக்டர்கள் பல்லாண்டு காலம் சாதாரண ஆஸ்துமா என்று சொல்லி வந்தார்கள். 1968 நவம்பரில் ஃபார்மிங்டன் சுரங்க வெடிப்பில் 78 பேர் மாண்டார்கள். 1969 பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவில் சுமார் 40,000 பேர் வேலையை நிறுத்திச் சட்டசபைக்கு நடந்தார்கள். நுரையீரல் நோய்க்கு நஷ்டஈடு தரும் சட்டம் பிறந்தது. முதலாளியின் டாக்டர் சந்தேகப்பட்டதை, தொழிலாளி தன் இருமலில் அறிந்திருந்தான்.

புரோநோட்டை நாமே கிழிப்பதா?

இனி நமது தோழரிடம் திரும்புவோம். பணக்கார நாடுகள் கெடுத்தன, ஏழை நாடுகள் அடிபடுகின்றன என்கிறார். முழுக்கச் சரி. 2022-ல் பாகிஸ்தான் வெள்ளத்தில் 1,700-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 3 கோடியே 30 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். அந்த வருஷம் எகிப்தில் கூடிய மகாநாட்டில், இத்தகைய நஷ்டத்துக்கு ஒரு நிதி என்பதை ஏழை நாடுகள் வாதாடிப் பெற்றன. 2023-ல் அமெரிக்கா அதற்குக் கொடுப்பதாகச் சொன்னது 1 கோடியே 75 லட்சம் டாலர். 1997-ல் விளம்பரத்துக்குச் செலவழித்த தொகையைவிடக் கொஞ்சம்தான் கூட! 2025 மார்ச்சில் அந்த நிதியின் நிர்வாகக் குழுவிலிருந்தே அமெரிக்கா விலகிக்கொண்டது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பூமி சூடாகிறது என்பது பொய்யானால், நஷ்டம் ஏது? நஷ்டஈடு ஏது? குற்றவாளி ஏது? கடனே இல்லை என்று நாமே சொன்ன பிறகு, கடன்காரன் வீட்டு வாசலில் எந்த முகத்தோடு நிற்பது? ஏழை நாடுகளின் கையில் இருக்கும் ஒரே புரோநோட்டு இந்த விஞ்ஞான உண்மைதான். கடன்காரன் அதைக் கிழிக்க நினைப்பது இயல்பு. கடன் கொடுத்தவனே கிழித்துப் போட்டால் அவன் எவ்வளவு சந்தோஷப்படுவான்!

“அப்படியானால் ஏழையின் அடுப்பை அணைக்கச் சொல்லுகிறீர்களா?” என்று கேட்கலாம். இல்லை. யார் முதலில் குறைக்க வேண்டும், யார் பணம் கொடுக்க வேண்டும், கரியை விட்டு மாறும்போது சுரங்கத் தொழிலாளிக்கு எந்த வேலை என்ற கேள்விகளுக்காகச் சண்டை போட வேண்டும் என்கிறோம். அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர் சங்கமே 2021 ஏப்ரலில் இந்த நிலைக்கு வந்தது. மாற்றம் வருகிறதென்றால், அதே வட்டாரத்தில் நல்ல வேலையும் குடும்பங்களுக்குப் பாதுகாப்பும் முதலில் வேண்டும் என்று கேட்டது. கரியோடு பிழைத்தவர்களே உண்மையை மறுக்காமல் உரிமையைக் கேட்கிறார்கள்.

சந்தேகப்படுவது தவறல்ல. தொழிலாளி வர்க்கம் எதையும் சந்தேகித்தே வளர்ந்தது. ஆனால் சந்தேகத்தையும் சந்தேகிக்க வேண்டும். அடுத்த முறை யாராவது “இது புரளி” என்று சொன்னால், மூன்று கேள்வி கேளுங்கள். இதை முதலில் சொன்னவன் யார்? அவனுக்குப் பணம் கொடுத்தவன் யார்? இதை நாம் நம்பினால் யாருடைய பாக்கி தள்ளுபடியாகிறது?

இந்த மூன்றுக்கும் பதில் கண்டுபிடியுங்கள், தோழர்களே! அடுத்த கிளைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லுங்கள். புரோநோட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். வசூலிக்க வேண்டிய நாள் இது.