தலைவாஸ்: காசு ஒருத்தருக்கு, தோல்வி ஏழு பேருக்கு

தமிழ் தலைவாஸ் ஏலம் எடுக்கிறதைப் பார்த்தாலே கடுப்பாகுது. 2022-ல் பவன் செராவத்துக்கு 2.26 கோடி கொடுத்தாங்க. முதல் மேட்ச்லயே முழங்கால்ல அடிபட்டு அவர் வெளியே போயிட்டார். அப்புறம் முதல்தடவையா செமிஃபைனல் வரை கூட்டிட்டுப் போனது யாரு? புதுப்பையன் நரேந்தரும், கார்னர்ல நின்னு பிடிச்ச சாகர், சாஹிலும்தான்!

அதுக்கப்புறமாவது புரிஞ்சுதா? 2024-ல் சச்சினுக்கு 2.15 கோடி. 2025-ல் அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1.40 கோடிக்கு மேல. ரெண்டு வருஷமும் ப்ளே-ஆஃப் கிடையாது.

ரைடர் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் அவுட்டானா வெளியேதான் உட்காரணும். அவரைத் திரும்ப உள்ளே கொண்டுவர வேண்டியது கோட்டுக்குள்ள மிச்சம் இருக்கிறவங்க. எங்க குடவாசல் பக்கம் சின்னப் பசங்களுக்கே தெரிஞ்ச கணக்கு இது. அடுத்த ஏலத்துலயாவது ஒரு ஸ்டாரை வாங்காம, ஏழு பேர் இருக்கிற டீமை வாங்குங்க சாமி!