கொடிக்கேற்ற பந்தல்



வளவில் ஒரு பந்தல் போட வேண்டும் என்ற ஆசை நம் பெண்களில் பலருக்கும் உண்டு. கறிக்குக் காயும் ஆகும். வெயிலுக்கு நிழலும் ஆகும். வெளிப்பார்வை படாமல் அமர்ந்து பிள்ளைக்குச் சோறூட்ட ஓர் இடமும் கிடைக்கும். ஆனால் பலர் பந்தலை எழுப்பிய பிறகுதான் அதில் எதைப் படரவிடுவது என்று யோசிக்கின்றனர். முதலில் கொடியைத் தீர்மானியுங்கள். பந்தலின் உயரமும் பலமும் அதைப் பொறுத்தவை.

பாகல், பீர்க்கு, புடலை ஆகியன சில மாதங்களில் காய்த்து ஓய்பவை. இவற்றுக்கு மூங்கிலோ கமுகஞ் சலாகையோ நாட்டி, மேலே கயிறு கட்டினால் போதும். புடலங்காய் நீண்டு தொங்குவதால் அதன் பந்தல் 6 அடிக்குக் குறையக் கூடாது.

கொடித்தோடையும் திராட்சையும் அப்படியல்ல. அவை ஆண்டுக்கணக்கில் நின்று, தண்டு முற்றிப் பாரமாகும். மழையில் நனைந்தால் பாரம் இன்னும் கூடும். மண்ணுக்குள் கறையான் அரித்த கம்பம் வெளியே நன்றாகத்தான் தெரியும். பருவக்காற்று வீசும் நாளில் சரிந்துவிடும். கீழே விளையாடுவது நம் பிள்ளைகள் அல்லவா! ஆகவே இவற்றுக்குச் சீமெந்துத் தூணோ இரும்புக் குழாயோ நாட்டிக் கம்பி இழுப்பதே நல்லது. 7 அடிப் பந்தலுக்கு 9 அடித் தூண் எடுத்து 2 அடியைப் புதையுங்கள். கிழக்குக் கரையோரம் போன்ற மணற்பாங்கான இடங்களில் அதிலும் ஆழம் வேண்டும். மூலைத் தூண்களுக்குச் சாய்வாக முட்டுக் கொடுங்கள்.

செலவு தாங்காதவர்கள் சீமைக்கிளுவைத் தடிகளை நாட்டலாம். அவை வேர்விட்டு உயிரோடு நிற்பதால் உக்குவதில்லை. அடிக்கடி கிளை வெட்டிவிட வேண்டும். வெட்டிய குழை பயிருக்குப் பசளையாகும்.

இன்னொரு விடயம். மூங்கிலின் வெட்டுவாயிலும் குழாயின் திறந்த முனையிலும் மழைநீர் தேங்கினால் டெங்கு நுளம்பு அங்கே முட்டையிடும். மூங்கிலைக் கணுவுக்குச் சற்று மேலே ஒட்டி வெட்டுங்கள். குழாயின் வாயைச் சீமெந்தால் அடையுங்கள். சருகு விழுந்து கூரைப் பீலி அடைபடாதிருக்க, பந்தலைச் சுவரிலிருந்து 3 அடியாவது தள்ளிப் போடுங்கள்.

அயலவரின் உரிமையையும் மறந்துவிடலாகாது. உங்கள் கொடி அவர்களின் மதிலில் ஏறுவதும், சருகு அவர்களின் கிணற்றில் விழுவதும் தொல்லையே. எல்லையோரத்தில் போடுவதானால் முன்கூட்டியே அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சூரத்துல் அன்ஆமின் 141ஆம் வசனம் பந்தலில் படரும் தோட்டங்களையும் படராதவற்றையும் சேர்த்தே அல்லாஹ்வின் படைப்பாக எடுத்துக் கூறுகிறது. விளைந்ததை உண்ணவும், அறுவடை நாளிலேயே அதற்குரிய கடமையைக் கொடுக்கவும், விரயம் செய்யாதிருக்கவும் அது பணிக்கிறது. ஷாபிஈ மத்ஹபின்படி காய்கறிகளில் ஸகாத் இல்லை. ஆயினும் பாகலும் புடலையும் காய்க்கத் தொடங்கினால் ஒரு குடும்பம் உண்டு தீர்க்க முடியாத அளவுக்குக் காய்க்கும். அவை முற்றிப் பழுத்து வீணாகவிடாமல், பறித்த அன்றே பக்கத்து வீட்டுக்கும் நான்கு காய்களைக் கொடுத்தனுப்புங்கள். அவர்கள் எந்த மார்க்கத்தவராயினும் சரியே.