எண்ணாமல் எப்படித் திட்டமிடுவது?

நம் மாவட்டத்தில் ஆட்டிசம் உள்ளவர்கள் எத்தனை பேர், எங்கே, யாருடைய பராமரிப்பில் வாழ்கிறார்கள்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆட்டிசத்துக்குத் தனிப்பிரிவே இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் அதை 21 குறைபாடுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் கிடைக்கும் ‘நிரமயா’ மருத்துவக் காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. ஆனால், பணம் மட்டும் சிகிச்சை ஆகிவிடாது. பல்வலியைச் சொல்லத் தெரியாத இளைஞர் கன்னத்தில் அறைந்துகொள்வார்; அதை ‘முரட்டுத்தனம்’ என்று எழுதிவிட்டால் சொத்தைப் பல் அப்படியே இருக்கும். கூச்சலும் கண்கூசும் விளக்கும் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் இரண்டு மணி நேரம் காத்திருக்க முடியாமல் பலர் திரும்பிவிடுகிறார்கள்.

கணக்கெடுத்தால் முத்திரை குத்தப்படும் என்ற அச்சம் நியாயமானதே. விவரங்களை ரகசியமாக வைப்பதும், விரும்புவோர் மட்டும் பதிவுசெய்வதுமே அதற்கு விடை, எண்ணாமலே விடுவதல்ல. நிபுணர்கள் போதவில்லை என்பார்கள். முன்கூட்டியே நேரம் ஒதுக்கவும், அமைதியான ஓர் அறை தரவும் நிபுணர் தேவையில்லை. பெற்றோருக்குப் பிறகு இவர்கள் எங்கே வாழ்வார்கள் என்ற கேள்வியோ இன்னும் பெரியது. அதற்கான இல்லங்களைத் திட்டமிடவும் எண்ணிக்கை வேண்டும். அடுத்த கணக்கெடுப்புக்குக் காத்திராமல், ஒவ்வொரு மாவட்ட நிர்வாகமும் இப்போதே இதைத் தொடங்க வேண்டும்.