ஒலிக்கு ஒரே உரிமையாளரா?

சென்ற பொங்கல் விழாவுக்கு முதல் நாள் இரவு. சங்கத்து அறையிலுள்ள லினக்ஸ் கணிப்பொறியிலே, கும்மிப் பாட்டை வெட்டியும் ஒட்டியும் சரிசெய்துவிட்டு, ஒலிப்பதிவு நிரலை மூடாமலே நாங்கள் மூவர் தேநீர் அருந்தப் போய்விட்டோம். வரவேற்புரை எழுத வந்தார் பார்வையற்ற நண்பர். திரையிலுள்ளதைப் படித்துச் சொல்லும் ஓர்க்கா என்னும் நிரல்தான் அவருக்குக் கண். விசைகளைத் தட்டினார், பொறி வாய் திறக்கவில்லை. அரை மணி கழித்து நாங்கள் திரும்பியபோது, "எதையோ கெடுத்துவிட்டேன் போலிருக்கிறது, மன்னியுங்கள்" என்றார். கெடுத்தவர்கள் நாங்களல்லவா?

தோழர்களே, நடந்தது இதுதான். எங்கள் நிரல் சவுண்ட் கார்டை நேரே பிடித்துக்கொண்டிருந்தது. லினக்ஸ் கெர்னலில் ஒலியைக் கவனிக்கும் பகுதிக்கு அல்சா என்று பெயர். பழைய கார்டுகள் சில, பல ஒலிகளைத் தாமே கலக்கும் திறன் பெற்றிருந்தன. இன்று நம் பொறிகளில் இருக்கும் எளிய சில்லுகளுக்கு அந்தத் திறன் இல்லை. முதலில் வந்தவர் கதவைச் சாத்திக்கொண்டால், அடுத்தவருக்கு "சாதனம் வேலையாயிருக்கிறது" என்ற பதிலே கிடைக்கும்.

பரிகாரம் இல்லாமலில்லை. எல்லா நிரல்களின் ஒலியையும் வாங்கி, ஒன்றாக்கி, கார்டுக்குக் கொடுக்கும் நடுவர் ஒருவர் போதும். அவர் செய்வது வெறும் கூட்டல்தான்! நொடிக்கு 48,000 எண்களாக வரும் ஒலிகளைக் கூட்டுவார். நொடிக்கு 44,100 என்று வருவதை மாற்றிச் சேர்ப்பார். கூட்டுத்தொகை எல்லை மீறினால் ஒலி கரகரக்கும் என்பதால் அதையும் கவனிப்பார். இப்பணியை அல்சாவின் டிமிக்ஸ் செய்தது. 2007-இல் ஃபெடோரா 8 பல்ஸ்ஆடியோவை அமர்த்தியது. இசைப்பதிவாளர்களோ தாமதம் பொறுக்காதவர்கள். அவர்கள் ஜாக் என்பதை நாடினர். ஒரு கார்டுக்கு இரு நடுவர்! ஒருவர் பேசினால் மற்றவர் ஊமை. இப்பூசலைத் தீர்க்க விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர், இருவர் வேலையையும் ஏற்றது. 2021-இல் ஃபெடோரா 34 அதையே ஒலிக்கு இயல்பாக வைத்தது.

நம் பொறியிலும் பைப்வயர் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஓசையின்றிச் சில நொடிகள் போனால் அது கார்டை விட்டுவிடும். அந்த இடைவெளியிலே நேரடி அமைப்புடைய நிரல் நுழைந்துகொண்டால், நடுவரும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

"நேரே பிடித்தால்தான் ஒலி மாறாமல் வரும், தாமதமும் குறையும்" என்கிறார்கள் பதிவுத் தோழர்கள். பொய்யன்று. இறுதியாகச் செவிமடுக்கும் ஒரு மணி நேரத்துக்கு அது தேவையாகலாம். கும்மிப் பாட்டின் வால் நறுக்க அது எதற்கு? (நறுக்கியவன் நான், எனக்குத் தெரியும்.) வேண்டுமென்போர் யூஎஸ்பியில் செருகும் தனிச் சவுண்ட் கார்டைப் பிடித்துக்கொள்ளட்டும். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. பொறியோடு பிறந்த கார்டு ஓர்க்காவுக்கும் மற்ற எல்லார்க்கும் பொதுவாய் இருக்கட்டும்.

அது வாங்கும்வரை, நேரடி அமைப்பை யாரும் வைக்கலாகாது. அடுத்த செயற்குழுவிலே இதை நான் முன்மொழியப் போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.