கணக்கைக் காட்டச் சொல்வோம்

போன மாதம் ஒரு ராத்திரி மாணவத் தோழர்கள் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு பதிவுத் தபால். சென்னையில் அவர்கள் குடியிருந்து காலி செய்த வீட்டின் சொந்தக்காரர் வக்கீல் வழியாக அனுப்பியது. காலி செய்து ஏழு மாதமாகிறது. கொடுத்த ஐம்பதாயிரம் அட்வான்சில் ஒரு பைசா திரும்பி வரவில்லை. அது போதாதென்று இன்னும் 31,000 ரூபாயைப் பதினைந்து நாளில் கட்ட வேண்டுமாம். வெள்ளையடித்தது, குழாய் மாற்றியது, கரண்ட் பாக்கி. கடைசியாக ஒரு வரி: 'அடுப்படி வாடை போகச் சுத்தம் செய்த செலவு.' அது எந்தச் சுத்தம் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கடிதத்தைவிட என்னை உலுக்கியது ஒரு தோழர் சொன்ன வார்த்தை: "கட்டித் தொலைச்சிரலாம்ணே. ஊருக்குத் தெரிஞ்சா அப்பா ஆட்டை வித்துருவாரு."

இந்தப் பயம் நேற்று வந்ததல்ல. பண்ணையாரே எழுதிய கணக்குக்கு நம் பாட்டன்மார் கைநாட்டு வைத்தார்கள். அப்பன் கடனுக்கு மகன் உழைத்தான். 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனை ரத்து செய்தது. கணக்கைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்று நம் உடம்பில் ஏற்றிவைத்த பழக்கத்தை எந்தச் சட்டமும் ரத்து செய்யவில்லை. பட்டம் படித்த பிள்ளைக்கும் காகிதத்தைப் பார்த்தால் கை நடுங்குகிறது.

வங்கியில் குமாஸ்தாவாக இருந்து கடன் கடிதங்களை டைப் அடித்து அனுப்புகிறவன் சொல்கிறேன், தோழர்களே: வக்கீல் நோட்டீஸ் தீர்ப்பு அல்ல. ஒரு தரப்பின் கோரிக்கை, அவ்வளவுதான். பாக்கி இருக்கிறது என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அதற்காகக் கிழித்துப் போட்டுவிடவும் கூடாது. கெடுவுக்குள் பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில் பதில் போட வேண்டும். எந்தச் செலவு, எந்தத் தேதி, பில் எங்கே, அட்வான்சுக்குக் கணக்கு எங்கே என்று கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் இருக்கிறது. வீடு காலியான ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக, அட்வான்சைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. குழாயின் திருகு, வாஷர் நம் பொறுப்பு. பைப் மாற்றுவது அவர் பொறுப்பு. ஆகவே கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள்.

நம் பக்கத்தையும் மறைக்க வேண்டாம். மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறார்கள். நடுவில் காலி செய்தால் நாம் போன பிறகு பில் வரும். அந்தத் தொகை நியாயமான பாக்கி. அதை அட்வான்சில் கழித்துக்கொள்ளட்டும். 'இப்போதைக்கு இரண்டாயிரம் கொடுத்து வாயை மூடலாம்' என்று மட்டும் நினைக்காதீர்கள். வாடகை பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் காலவரம்பு. அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்றிலிருந்து மறுபடி மூன்று வருடம் ஓடும். கெடு முடியும் முன் வங்கிகள் ஓடி ஓடிக் கடன் ஒப்புகைக் கடிதம் வாங்குவது இதற்காகத்தான்.

வக்கீலுக்குக் காசில்லை என்று ஒதுங்க வேண்டாம். 1987ஆம் வருடச் சட்டப்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் எல்லோருக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் போதும்.

இனி வீடு மாறும் தோழர்கள் மூன்று காரியம் செய்யுங்கள். காலி செய்யும் அன்று சுவர், குழாய், கழிவறையைப் படம் எடுங்கள். மீட்டர் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். சாவி கொடுத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்குங்கள்.

அன்று ராத்திரியே பதில் எழுதினோம். கடைசி வரியை, கட்டித் தொலைச்சிரலாம் என்று சொன்ன தோழரே எழுதினார்: 'சுத்தம் என்று தாங்கள் குறிப்பிட்டது எந்த அசுத்தத்தை நீக்க என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.'

பதில் இன்னும் வரவில்லை. ஆடு ஊரில் மேய்ந்துகொண்டிருக்கிறது.

- ஆசிரியர் குழுவுக்காக