கழட்டுவதற்கு முன்

"மோட்டார் ஓடுதுங்க, தண்ணிதான் எடுக்கமாட்டீங்குது." கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் பம்ப் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் புகார் இது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனாக இருந்தால் கை தானாக ஸ்பேனருக்குப் போகும். எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் அதை விடமாட்டார். ஒரு தோட்டத்தில் அவர் பையனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்ததை அருகிலிருந்து பார்த்தேன்.

"நேத்து வரைக்கும் எடுத்துச்சுங்களா?"

"நல்லா எடுத்துச்சுங்க."

"நடுவுல ஏதாச்சும் மாறுச்சுங்களா?"

விவசாயி யோசித்தார். "ஈ.பி.காரங்க லைன்ல வேலை பார்த்தாங்க."

மெக்கானிக் பையன் பக்கம் திரும்பினார். "இப்பச் சொல்லு கண்ணு, புட்வால்வைக் கழட்டோணுமா?"

பையன் பம்பின் மேலிருந்த அம்புக்குறியைப் பார்த்தான். மோட்டாரை ஒருமுறை போட்டு நிறுத்தச் சொன்னான். தண்டு எதிர்ப்பக்கம் சுற்றியது. லைனில் பேஸ் மாறியிருக்கிறது. மூன்று வயர்களில் இரண்டை மாற்றிக் கொடுத்ததும் தண்ணீர் வாய்க்காலில் கொட்டியது.

மெக்கானிக் அத்தோடு கிளம்பவில்லை. "அம்புக்குறிப்படியே சுத்தியிருந்தா என்ன பண்ணுவே?" பையன் அடுக்கினான்: பம்பில் தண்ணீர் நிரம்பியிருக்கிறதா, உறிஞ்சு குழாயில் காற்று இழுக்கிறதா, அதன் அடியிலுள்ள புட்வால்வு அடைத்திருக்கிறதா. "எதை முதல்ல பார்ப்பே?" "கழட்டாமப் பார்க்க முடியறதைங்கண்ணா."

கணித ஆசிரியர் ஜார்ஜ் போல்யா 1945இல் வெளியிட்ட நூலில் இந்த முறையைத்தான் நான்கு படிகளாக வைத்தார்: கணக்கைப் புரிந்துகொள், வழி யோசி, செய்துபார், முடிந்தபின் திரும்பிப் பார். நான்காவது படியைத்தான் நாம் பள்ளிகளில் அடியோடு விட்டுவிட்டோம். விடை வந்ததும் அடுத்த கணக்கு.

அதே 1945இல்தான் தொழிலதிபர் ஜி.டி. நாயுடுவின் முயற்சியில் கோவையில் தொழில்நுட்பக் கல்வி நிலையம் தொடங்கியது. வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டியே இயந்திரம் கற்றவர் அவர். பிரிப்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு; இல்லாவிட்டால் திரும்பப் பூட்ட முடியாது.

கோவை அடங்கிய இதே கொங்குப் பகுதியில் மதிப்பெண்ணுக்குப் பேர்போன பள்ளிகள் நிறைய. அங்கே பிள்ளைகள் ஆயிரம் கணக்குகளின் விடைவழியை மனப்பாடம் செய்கிறார்கள். பார்த்திராத கணக்கு வந்தால் பேனா நின்றுவிடுகிறது. அந்தப் பிள்ளைகளிடம் குறையில்லை; கேள்வி கேட்க யாரும் பழக்கவில்லை. ஆய்வகத்துக்கு ஒரு பழுதான பம்பு வாங்கிப் போடுங்கள். எதைப் பார்த்தாய், ஏன் அதை முதலில் பார்த்தாய் என்று நோட்டில் எழுதச் சொல்லி, அதற்கு மதிப்பெண் போடுங்கள். பம்பு ஓடாவிட்டாலும் போடுங்கள்.