யாருமில்லாத வகுப்பறை என்றொரு கதை

கானாவுக்கோ கென்யாவுக்கோ தான்சானியாவுக்கோ போய் ஆறு வாரம் பாடம் நடத்திவிட்டு வரலாம் என்று ஹைதராபாத்தின் கல்லூரி மாணவர்களையும் ஹைடெக் சிட்டி ஊழியர்களையும் அழைக்கும் அறிவிப்புகளுக்குப் பின்னால் ஒரே வாதம்தான் நிற்கிறது. பி.எட். வேண்டாம், அந்த ஊர் மொழி வேண்டாம், வகுப்பில் நின்ற அனுபவம் வேண்டாம், நல்ல மனம் இருந்தால் போதும். ஏனென்றால் ஆசிரியரே இல்லாத பிள்ளைகளுக்கு யாராவது ஒருவர் வந்து நிற்பது மேல். பல ஆண்டுகளாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. இந்த வாதத்தைச் சொல்கிறவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. அந்த வகுப்பறை ஏன் காலியாக இருக்கிறது என்று ஒருமுறையாவது விசாரித்தார்களா என்பதுதான் என் கேள்வி. விசாரித்திருந்தால் வாதத்தின் முதல் வரியே நின்றிருக்காது.

காரணம், அந்த ஊர்களில் பாடம் நடத்த ஆள் இல்லாமல் போகவில்லை. சம்பளம் கொடுத்து நியமிக்க அரசுகள் முன்வரவில்லை. கென்யாவை எடுத்துக்கொள்வோம். அரசின் சம்பளச் செலவைக் குறைக்கச் சொல்லி உலக வங்கியும் ஐ.எம்.எஃப்.பும் நெருக்கிய காலத்தில், 1998-இல், அந்த நாடு புதிய ஆசிரியர் நியமனத்தை நிறுத்திவைத்தது. அதன்பின் பல ஆண்டுகள் ஓய்வு பெற்றவர், இறந்தவர் இடங்களை நிரப்பியதோடு சரி. 2003 ஜனவரியில் தொடக்கக் கல்வி இலவசமானபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் புதிதாகப் பள்ளிக்குள் வந்தார்கள். வகுப்புகள் பிதுங்கின, நியமனத் தடை மட்டும் விலகவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துத் தேறிய பல்லாயிரம் பேர் அதே நாட்டில் வேலையில்லாமல் காத்திருந்தார்கள். அப்படிப்பட்ட பள்ளிக்குப் போய்க் கரும்பலகை முன் நிற்கும் வெளிநாட்டு இளைஞர், தான் ஒரு வெற்றிடத்தை நிரப்புவதாக நம்புகிறார். உண்மையில் அந்த இடத்துக்கு உரியவர் இரண்டு தெரு தள்ளி, சான்றிதழோடு, வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார். வெளியிலிருந்து ஓர் ஆள் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை, காலியிடத்தை நிரப்பாத அதிகாரியைக் கேள்வி கேட்கவேண்டிய அவசரம் யாருக்கும் வருவதில்லை.

இதைப் புரிந்துகொள்ள ஹைதராபாத்காரர் ஆப்பிரிக்காவரை போக வேண்டியதே இல்லை. ஒன்றுபட்ட ஆந்திரத்தின் காலத்திலிருந்து அரசுப் பள்ளிகளில் ‘வித்யா வாலண்டியர்’ என்றொரு ஏற்பாடு இருந்தது. தெலங்கானா தனி மாநிலமான பின்பும் அது தொடர்ந்தது. நிரந்தர ஆசிரியர் செய்யும் அதே வேலை, மாதம் 12,000 ரூபாய் மதிப்பூதியம், ஆண்டுக்கு ஆண்டு புதுப்பித்தால்தான் அடுத்த ஆண்டு. 2020-இல் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டபோது புதுப்பிப்பு நின்றது. ஏறக்குறைய 12,000 பேர் வீதிக்கு வந்தார்கள். தன்னார்வலரை வேலையைவிட்டு நீக்க வேண்டியதில்லை, மறுபடி கூப்பிடாமல் இருந்தால் போதும். அப்படியானால் மாநிலத்தில் தகுதியானவர்கள் இல்லையா? 2017-இல் 8,792 இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு அறிவிக்கப்பட்டது. அடுத்த நியமனத்துக்கு 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு 11,062 இடங்களுக்கு டி.எஸ்.சி. தேர்வு நடந்தபோது எழுதியவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். அக்டோபரில் ஹைதராபாத் எல்.பி. ஸ்டேடியத்தில் நியமன ஆணைகள் வழங்கப்பட்டன. இடைப்பட்ட ஆண்டுகளில், 2020-இல் நிறுத்தப்படும்வரை, பள்ளிகளை ஓட்டியவர்கள் வாலண்டியர்கள். அவர்கள் இருந்ததால்தான் அதுவரை காலியிடங்களைக் காலியாகவே வைத்திருக்க முடிந்தது. நம் ஊரில் அநியாயம் என்று நாம் கண்டித்த ஒன்று, கடல் தாண்டியதும் சேவை ஆகிவிடுமா?

கென்யாவில் நடந்த ஓர் ஆய்வை இங்கே எடுத்துக்காட்டுகிறவர்கள் உண்டு. பின்னாளில் நோபல் பெற்ற எஸ்தர் டுஃப்லோவும் மைக்கேல் கிரெமரும் பாஸ்கலின் டுப்பாவோடு சேர்ந்து மேற்குக் கென்யாவில் செய்தது அது. 140 பள்ளிகளில் குறைந்த சம்பளத்துக்கு ஒப்பந்த ஆசிரியர் ஒருவரைக் கூடுதலாக வைத்துப் பார்த்தார்கள். அவர்களிடம் படித்த பிள்ளைகள் நன்றாகவே தேறினார்கள். ஆனால் யார் அந்த ஆசிரியர்கள்? நிரந்தர ஆசிரியருக்கு உள்ள அதே தகுதி பெற்றவர்கள், பெற்றோரும் பள்ளியும் சேர்ந்த குழு தேர்ந்தெடுத்தவர்கள், அந்த மண்ணின் மொழி பேசுகிறவர்கள். விசாவோடு வந்து விசாவோடு போகும் தன்னார்வலருக்கு இந்த ஆய்வில் எந்த ஆதரவும் இல்லை. உள்ளூரில் ஆள் இருக்கிறது என்ற என் பேச்சைத்தான் அது நிரூபிக்கிறது.

இனி அளவு. சகாரா பாலைவனத்துக்குத் தெற்கேயுள்ள நாடுகளுக்கு 2030-க்குள் ஒன்றரைக் கோடி ஆசிரியர்கள் கூடுதலாகத் தேவை என்கிறது யுனெஸ்கோ. அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கோர் 1961-இல் தொடங்கியது முதல் இன்றுவரை உலகம் முழுக்க, எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து அனுப்பியவர்கள் இரண்டரை லட்சத்துக்குள். அறுபது ஆண்டு கடந்த ஓர் அரசு அமைப்பின் கணக்கே இது என்றால், ஆறு வாரக்காரர்கள் எந்தக் குறையைத் தீர்க்கப்போகிறார்கள்?

பீஸ் கோர் என்றதும் எதிர்த்தரப்பு எத்தியோப்பியாவைக் காட்டும். 1962-இல் அங்கே முந்நூறுக்குச் சற்றுக் குறைந்த தொண்டர்கள் போய் இறங்கியதும் உயர்நிலைப் பள்ளிகளில் பட்டம் பெற்ற ஆசிரியர் எண்ணிக்கை பெருமளவு உயர்ந்தது உண்மை. அவர்கள் ஆறு வாரத்துக்குப் போகவில்லை, இரண்டு ஆண்டுக்குப் போனார்கள், பயிற்சிக்குப் பிறகு போனார்கள் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய மறதி ஒன்று உண்டு. அதே எத்தியோப்பியாவில், பேரரசர் ஹைலி செலாசியின் ஆட்சியில், ஆயிரக்கணக்கான இந்தியர்கள் ஆசிரியர்களாக வேலை பார்த்தார்கள். பெரும்பாலோர் கேரளத்தவர்; தமிழர்களும் இருந்தார்கள். அவர்களை அழைத்தது எத்தியோப்பிய அரசு, சம்பளம் கொடுத்தது எத்தியோப்பிய அரசு, சரியாக நடத்தாவிட்டால் கேள்வி கேட்கவும் உரிமை பெற்றிருந்தது எத்தியோப்பிய அரசு. குடும்பத்தோடு சிற்றூர்களில் தங்கிப் பல ஆண்டுகள் கணக்கும் அறிவியலும் ஆங்கிலமும் கற்பித்தார்கள். அவர்களைப் பற்றி ஒரு விளம்பரமும் பேசுவதில்லை. சம்பளம் வாங்கிய வேலை சேவையில் சேராது என்று யார் முடிவு செய்தார்கள்? பொறுப்பு எங்கே இருந்தது என்று பார்த்தால், கணக்கு நேர்மாறாகத்தான் வரும்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை போதும். தான்சானியாவில் அரசுத் தொடக்கப் பள்ளியின் பயிற்றுமொழி சுவாஹிலி. அது தெரியாதவர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கழித்தலில் எங்கே இடறுகிறது என்பதைக் கண்டுபிடிக்க வழியில்லை. பாட்டுப் பாடுவார், ஆங்கில எழுத்துகளைச் சொல்லிக்கொடுப்பார். அடுத்த தன்னார்வலர் வந்து அதே எழுத்துகளில் மறுபடி தொடங்குவார். செலவும் அப்படியே: போக வர ஒரு விமானச் சீட்டுக்கு ஆகும் பணத்தில் உள்ளூர் ஆசிரியர் ஒருவருக்குச் சில மாதச் சம்பளம் கொடுத்துவிடலாம்.

கடைசியாக ஒரு சமாதானம் சொல்வார்கள்: போய் வருகிற இளைஞர் மனம் விரிந்து திரும்புகிறார், உலகம் புரிகிறது. புரியட்டும். அதற்குப் பயணம் இருக்கிறது, படிப்பு இருக்கிறது. தன் மனம் விரிவதற்காக அடுத்தவர் பிள்ளையின் பாடவேளையை எடுத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. சான்றிதழ் இல்லாத ஒருவர் ஆறு வாரம் வந்து தன் மகளுக்குக் கணக்கு நடத்த, ஹைதராபாத்தின் கொண்டாப்பூரில் கட்டணம் கட்டிப் படிக்கவைக்கும் எந்தத் தகப்பனும் சம்மதிப்பானா? அவன் சம்மதிக்காததை கானாவின் அக்ரா புறநகர்த் தகப்பன் மட்டும் நன்றியோடு ஏற்க வேண்டுமா?

உதவ வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கும் ஹைதராபாத்காரருக்குத் தார்நாகா பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1958-இல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கி, 2007-இல் மத்தியப் பல்கலைக்கழகமான இஃப்ளூ (ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம்), இந்திய அரசின் ஐடெக் என்னும் தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்புத் திட்டத்தின்கீழ் ஆப்பிரிக்க நாடுகள் உட்படப் பல நாடுகளின் ஆசிரியர்களை வரவழைத்து ஆங்கிலம் கற்பிக்கும் முறையில் பயிற்சி தருகிறது. பயிற்சி முடிந்து ஊர் திரும்பும் ஆசிரியர் தன் நாட்டுச் சம்பளத்தில், தன் மாணவர்களின் மொழி தெரிந்தவராக, அடுத்த இருபது ஆண்டுகள் வகுப்பில் நிற்கக்கூடியவர். தன்னார்வப் பயணங்களுக்குப் பணம் ஒதுக்கும் நிறுவனங்கள், அந்தத் தொகையில் ஒரு பங்கையாவது இப்படிப்பட்ட ஆசிரியர்களின் பயிற்சிக்கும் தங்கும் செலவுக்கும் கொடுக்க முன்வரட்டும்.